எக்ஸ்ட்ராஸ் வரும்வரை பொறுக்கலாம்: கஸ்டம் கீபோர்டு வாங்கும் நான்கு வழிகள், ஒரு ரிவ்யூ

கஸ்டம் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க நான்கு வழிகள் உண்டு. பலர் சேர்ந்து முன்பணம் கட்டிச் செய்யவைக்கும் குரூப் பை, அது முடிந்தபின் மிச்சமாக விற்கும் எக்ஸ்ட்ராஸ், எப்போதும் ஸ்டாக்கில் கிடைக்கும் ரெடி கிட், கடைசியாக செகண்ட் ஹேண்ட். சில சமயம் ஒரே கீபோர்டு இந்த நான்கு வழியிலும் வெவ்வேறு விலையில் கிடைக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்ட்ராஸும் செகண்ட் ஹேண்டும்தான் லாபம். விலை இதற்குப் பாதிக் காரணம்தான். புது ரிலீஸ் அறிவிக்கும் அன்று நம் கையில் இருப்பது கம்ப்யூட்டரில் வரைந்த நாலு படம். முதல் பேட்ச் ஆட்களிடம் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்: ஸ்பேஸ்பார் எப்படிச் சத்தம் போடுகிறது, எந்த மூலையில் பெயின்ட் சில்லு விடுகிறது, யூஎஸ்பி போர்ட் கேபிளை ஒழுங்காகப் பிடிக்கிறதா, எந்த நிறம் படத்தில் ஒன்றாகவும் நேரில் வேறாகவும் இருக்கிறது. அப்போது வாங்குபவருக்கு அதே பொருள் முழு விவரத்தோடு கிடைக்கிறது. முதல் நாளே பணம் கட்டியவர் அந்த விவரத்தை உண்டாக்க உதவியவர்.

புது ரிலீஸ் கண்ணில் பட

குரூப் பைக்கு வரும் பொருள்கள் ஒரே வரிசையில்தான் பிறக்கும். முதலில் இன்ட்ரஸ்ட் செக், சுருக்கமாக ஐசி. டிசைனர் படங்களைப் போட்டு யாருக்கு வேண்டும் என்று கேட்பார், ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்வார். பணப் பேச்சே கிடையாது. அடுத்தது ஜிபி, அதாவது குரூப் பை. பெரும்பாலும் ஒரு மாத அளவில் திறந்திருக்கும். பிறகு உற்பத்தி, சரிபார்ப்பு, ஒவ்வொரு பிராந்தியத்தின் விற்பனையாளருக்கும் கப்பல், அங்கிருந்து வாங்கியவர்களுக்கு. கீக்ஹேக் என்ற கீபோர்டு ஃபோரத்தில் ஐசிக்கும் ஜிபிக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. வாரம் ஒரு முறை அந்த இரண்டையும் மேய்ந்தாலே அடுத்த ஒரு வருடத்தில் என்னென்ன வரப்போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். பலர் ஐசி ஃபார்மைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. கிட்டில் எந்தக் கீ சேர வேண்டும் என்பதை மாற்றக்கூடிய ஒரே கட்டம் அதுதான். "1.75யூ வலது ஷிஃப்ட் பேஸ் கிட்டில் இல்லை" என்று (யூ என்பது ஒரு எழுத்துக் கீயின் அகலம், பேஸ் கிட் என்பது அடிப்படைச் செட்) அப்போது பத்துப் பேர் எழுதினால் சேர்த்துவிடுவார்கள். ஜிபி திறந்தபின் எழுதினால் அனுதாபம்தான் கிடைக்கும்.

அறிவிப்புகளுக்கு பத்து டிஸ்கார்ட் சர்வரில் சேர்ந்து, பத்திலும் அரட்டைச் சத்தத்தைத் தாங்கத் தேவையில்லை. சொந்தமாக ஒரு காலி சர்வர் தொடங்கி, அதில் ஒரே ஒரு சேனல் வையுங்கள். விற்பனையாளர்களின் அறிவிப்பு சேனல்களில் மேலே ஃபாலோ பொத்தான் இருக்கும். அதை அழுத்தி உங்கள் சேனலைக் காட்டினால் எல்லாருடைய அறிவிப்பும் ஒரே இடத்தில் வந்து விழும். அரட்டை வராது.

இன்னொரு வழி இன்னும் பலருக்குத் தெரியவில்லை. கீபோர்டு கடைகளில் நிறைய ஷாப்பிஃபை மேடையில் ஓடுபவை. அந்தக் கடைகளில் ஒரு கலெக்‌ஷன் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஏ, டி, ஓ, எம் என்ற நான்கு எழுத்தைச் சேர்த்தால் அது ஃபீட் ஆகத் திறக்கும். ஏதாவது ஒரு ஃபீட் ரீடரில் போட்டுவைத்தால், கடையில் புதுப் பொருள் ஏறிய சிறிது நேரத்தில் தகவல் வரும். இமெயில் அறிவிப்பு வருவதற்கு முன்பே வருவதும் உண்டு. அதேபோல் ஒரு பொருளின் முகவரிக்குப் பின்னால் புள்ளி வைத்து ஜே, எஸ், ஓ, என் சேர்த்தால் அதன் எல்லா வகைகளும் விலையும் ஒரே பட்டியலாக வரும். பத்து நிறம், மூன்று பிசிபி (சர்க்யூட் பலகை), நாலு பிளேட் (ஸ்விட்சைப் பிடிக்கும் தகடு) என்று குழப்பும் பக்கங்களில் எதைச் சேர்த்தால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. சில கடைகள் இதை அடைத்து வைத்திருக்கும். அங்கே இமெயில்தான்.

குரூப் பை: எதற்குத் தகும்

குரூப் பையில் கட்டும் பணம் உற்பத்திக்கான முன்பணம். தொழிற்சாலைக்குக் குறைந்தபட்ச ஆர்டர் எண்ணிக்கை ஒன்று உண்டு, எம்ஓக்யூ என்பார்கள். அதை எட்டினால்தான் வேலை தொடங்கும். டிசைனர், விற்பனையாளர், தொழிற்சாலை மூவரும் வேறு வேறு ஆட்கள். யார் தாமதித்தாலும் காத்துக் கிடப்பது வாங்கியவர்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? கீகேப், அதாவது கீயின் மேல்மூடி, செட்டுகளில் முக்கியக் காரணம் நிறம். ஜெர்மனியின் ஜிஎம்கே செய்யும் டபுள் ஷாட் ஏபிஎஸ் கேப்பில் எழுத்து ஒரு பிளாஸ்டிக், உடல் இன்னொரு பிளாஸ்டிக். ஒவ்வொரு நிறத்துக்கும் மாதிரி வார்த்து டிசைனருக்கு அனுப்பி, அவர் ஒளியில் பிடித்துப் பார்த்து, சரியில்லை என்றால் கலவையை மாற்றி மறுபடி வார்க்க வேண்டும். நான்கு நிறச் செட்டில் ஒரு நிறம் மட்டும் இரண்டு மூன்று தடவை திரும்பினாலும் மொத்தச் செட்டும் நிற்கும். அதற்குள் அச்சு வரிசையில் இடம் தவறினால் பின்னால் போய் நிற்க வேண்டும். 2021 வாக்கில் கூட்டம் பெருகியபோது அந்த வரிசை ஒரு வருடத்தைத் தாண்டியது. கீபோர்டு கேஸ்களில், அதாவது வெளிப்பெட்டிகளில், சிக்கல் வேறு: அலுமினியத்தில் ஏற்றும் அனோடைஸ் நிறம் பேட்சுக்குப் பேட்ச் லேசாக மாறும், மேல் பாகமும் கீழ் பாகமும் பொருந்தாவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடும். டிசம்பரில் "அடுத்த மாதம் அனுப்புகிறோம்" என்று அப்டேட் வந்தால் மார்ச் என்று குறித்துக்கொள்வது நல்லது.

இதில் பணப் பாதுகாப்பு என்ற விஷயத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். பேபாலில் புகார் எழுப்ப, பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். 30 நாள் ஜிபி, எட்டு மாத உற்பத்தி என்றால் பொருள் கப்பல் ஏறும் முன்பே அந்தக் கதவு மூடிவிடும். கிரெடிட் கார்டில் அவகாசத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். வாக்குறுதி கொடுத்த டெலிவரி தேதி இருக்கும் பக்கத்தை அன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தாமதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தேதி மாறிவிடும்.

விற்பனையாளரை எடைபோட விளம்பரத்தைப் பார்த்துப் பயனில்லை, அவருடைய பழைய ஜிபி பட்டியலைப் பார்க்க வேண்டும். எத்தனை இன்னும் டெலிவரி ஆகாமல் நிற்கின்றன, கடைசி அப்டேட் எப்போது, அப்டேட்டில் படம் இருக்கிறதா அல்லது "விரைவில்" என்ற சொல் மட்டும்தானா என்று பாருங்கள். ஆறேழு பழைய ஜிபி பாக்கி இருக்கும்போது மாதத்துக்கு மூன்று புது ஜிபி திறக்கும் கடை, புதுப் பணத்தில் பழைய கடனை அடைக்கிறதோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். 2020, 2021இல் ஏறிய கூட்டம் வடிந்ததும் இப்படிச் சில கடைகள் பொருளும் தராமல், பணமும் தராமல் மூடின. அங்கெல்லாம் முதலில் தெரிந்த அறிகுறி இந்தப் பாக்கிப் பட்டியல்தான். அதோடு, பணம் டிசைனருடைய சொந்தக் கணக்குக்குப் போகிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

அப்படியானால் குரூப் பையே வேண்டாமா? சிலருக்குக் கட்டாயம் வேண்டும். 40 சதவீத போர்டு (சதவீதம் என்பது முழுக் கீபோர்டோடு ஒப்பிட்ட அளவு), கீகள் நேர் கட்டங்களில் நிற்கும் ஆர்த்தோ, இரண்டாகப் பிரிந்த ஸ்ப்ளிட் எர்கோ, ஐரோப்பிய லேஅவுட்டான ஐஎஸ்ஓவில் நார்டிக் அல்லது ஜெர்மன் எழுத்துகள் இவற்றுக்கான துணை கிட்டுகள் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்யப்படும். எக்ஸ்ட்ராஸுக்கு மிஞ்சாது. செகண்ட் ஹேண்டில் வந்தாலும் பேஸ் கிட்டோடு சேர்த்துத்தான் தருவார்கள். உங்கள் போர்டு அந்த வகை என்றால் ஜிபியில் சேர்வது சரியான முடிவு. சாதாரண 65 சதவீதமோ நம்பர் பேட் இல்லாத டிகேஎல்லோ வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் கிடையாது.

எக்ஸ்ட்ராஸ்: நான்கில் முதலிடம்

உடைந்தது, தொலைந்தது, கீ குறைந்தது என்று மாற்றித் தர வேண்டி வரும் என்பதால் விற்பனையாளர் கேட்டதைவிடக் கூடுதலாகத் தருவிப்பார். எம்ஓக்யூ எட்டத் தானே சிலவற்றை வாங்கியிருப்பார். எல்லாருக்கும் அனுப்பி, புகார்களும் ஓய்ந்தபின் மிச்சத்தைக் கடையில் போடுவார். இதுதான் எக்ஸ்ட்ராஸ். ஸ்டாக் கையில் இருப்பதால் ஓரிரு நாளில் அனுப்பிவிடுவார்கள், 180 நாள் பாதுகாப்பும் முழுதாக இருக்கும்.

பேச்சு அதிகம் கிளம்பிய செட்டின் பேஸ் கிட் சில நிமிடத்தில் தீரும். மற்றவை மாதக்கணக்கில் கிடந்து, பிறகு தள்ளுபடிக்கு வரும். படம் பொறித்த அலங்காரக் கீகளான நாவல்டீஸும் தனி ஸ்பேஸ்பார் கிட்டும்தான் எப்போதும் கடைசிவரை மிஞ்சுபவை. அவற்றை முழு விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. பழைய ஜிபி பதிவைத் தேடி, அதில் பெயர் போட்டிருக்கும் எல்லாப் பிராந்திய விற்பனையாளர்களின் கடையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு கண்டத்தில் தீர்ந்துபோன செட் இன்னொரு கண்டத்துக் கடையில் தள்ளுபடியில் தூங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். பெரும்பாலோர் தங்களுக்குப் பக்கத்துக் கடையில் "சோல்டு அவுட்" என்று பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

வாங்கும் முன் உங்கள் போர்டின் லேஅவுட்டைத் தாளில் வரைந்து கிட் படத்தோடு ஒப்பிடுங்கள். 65, 75 சதவீத போர்டுகளுக்கு 1.75யூ வலது ஷிஃப்ட் வேண்டும். கீழ் வரிசையில் 6.25யூ ஸ்பேஸ்பாரா 7யூவா என்று பாருங்கள். 7யூ என்றால் பக்கத்தில் 1.5யூ மாடிஃபையர்கள் (கண்ட்ரோல், ஆல்ட் கீகள்) வேண்டும். நடுவில் பிரிந்து சாய்ந்த ஆலிஸ் வகைக்கு இரண்டு துண்டு ஸ்பேஸ்பாரும் இரண்டாவது பி கீயும் தேவை. செர்ரி ப்ரொஃபைல் என்ற கேப் வடிவத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமும் சாய்வும் வேறு என்பதால், 65 சதவீதத்தின் வலது ஓரத்தில் வரும் டெலீட், பேஜ் அப், பேஜ் டவுன் கீகள் எந்த வரிசைக்கு வார்க்கப்பட்டவை என்பதும் முக்கியம். தவறான வரிசைக் கீயை மாட்டினால் வேலை செய்யும், ஆனால் பக்கத்துக் கீயோடு படிக்கட்டு மாதிரி நிற்கும். ஒரு முறை கண்ணில் பட்டால் அப்புறம் அதுவேதான் தெரியும்.

பிசிபியில் ஸ்விட்சின் எல்இடி துளை எண் வரிசைப் பக்கம் பார்த்திருந்தால், அதாவது நார்த் ஃபேசிங், செர்ரி ப்ரொஃபைல் கேப்பின் விளிம்பு ஸ்விட்ச் ஹவுசிங்கில், அதாவது கூட்டில், இடிக்கும். ஏ, எஸ், டி இருக்கும் நடு வரிசையில்தான் அது அதிகம். முழுதாக அழுத்தும்போது மட்டும் ஒரு மொட்டைச் சத்தம் வரும். நல்ல விலைக்கு ஜிஎம்கே செட் கிடைத்த சந்தோஷம் அதில் போய்விடும். சவுத் ஃபேசிங் பிசிபியாக இருந்தால் கவலை இல்லை.

நகல் செட்டுகள் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. பேர் பெற்ற ஜிஎம்கே நிறங்களை, பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் சாயம் ஊறவைக்கும் டை சப் முறையில் அடித்து அடிமாட்டு விலைக்குப் பெரிய சந்தைத் தளங்களில் விற்கிறார்கள். டை சப் முறையில் வெளிர் பிளாஸ்டிக் மேல் கருஞ்சாயம் ஏற்றலாம், கரும் பிளாஸ்டிக் மேல் வெளிர் எழுத்து ஏற்ற முடியாது. அதனால் கரும் கேப்பில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் எழுத்தை விட்டுவிட்டு மேற்பரப்பு முழுக்கச் சாயம் ஏற்றுவார்கள். மலிவுச் செட்டில் அந்த எழுத்தின் ஓரத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், மை ஊறிய தாள் மாதிரி மங்கலாக இருக்கும். நீளமான ஸ்பேஸ்பார் வளைந்து வருவதும் மலிவு பிபிடியின் பழைய நோய். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் இரண்டு முனையும் தூக்கி ஆடும். இவற்றைவிட, சொந்த டிசைனில் நியாய விலைக்கு பிபிடி செட் செய்யும் நிறுவனங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. வடிவமைத்தவரின் உழைப்பைத் திருடிய செட்டுக்குப் பணம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

ரெடி கிட்

2021இல் கீக்ரான் க்யூ1 வந்தபோது அலுமினிய கேஸ், பிளேட்டை மெத்தென்ற பட்டைகளில் தாங்கும் கேஸ்கெட் மவுன்ட், கீகளை மாற்றியமைக்கும் க்யூஎம்கே, வயா மென்பொருள்கள் எல்லாம் காத்திருக்காமல் வாங்கக் கிடைத்தன. 2023 வாக்கிலிருந்து நியோ65 மாதிரி கிட்டுகளும் வந்து, முன்பு குரூப் பையில் மட்டும் கிடைத்த தரத்தைச் சில வாரக் காத்திருப்பில் தந்துவிட்டன. முதல் கஸ்டம் வாங்குபவருக்கு இந்த வழியே போதும்.

இங்கே தள்ளுபடி விழும் நேரத்தைக் கணிக்க முடியும்: அடுத்த மாடல் வரும்போது பழையது இறங்கும். அப்போது வித்தியாசம் என்ன என்று மட்டும் பாருங்கள். கீக்ரானின் க்யூ வரிசையில் ப்ரோ மாடலில் புளூடூத்தும் வயரும் உண்டு, மேக்ஸில் கூடுதலாக 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உண்டு. கீபோர்டை மேஜையில் வயரோடு வைத்திருப்பவருக்கு அந்த டாங்கிள் தேவையே படாது. இறங்கிய விலையில் ப்ரோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பேர்போன் என்று போட்டிருந்தால் ஸ்விட்சும் கீகேப்பும் சேராது. சில கடைகளின் முகப்பு விலை, கனமான அடி எடையோ இரண்டாவது பிளேட்டோ சேராத விலை. எல்லாம் தேர்ந்தெடுத்தபின் கார்ட்டில் வரும் தொகைதான் உண்மை.

ஸ்பெக்கில் பார்க்க வேண்டியவை குறைவு. வயாவோ அதைப் போன்ற வயலோ இயங்குமா என்று பாருங்கள். சாலிடர் இல்லாமல் ஸ்விட்சை மாற்றும் ஹாட்ஸ்வாப் என்றால் 5 பின் ஸ்விட்சை ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். 3 பின் மட்டும் என்றால் ஸ்விட்சின் இரண்டு பிளாஸ்டிக் காலையும் வெட்ட வேண்டி வரும். பிசிபியின் தடிமன் 1.6 மில்லிமீட்டரா 1.2ஆ? நீளக் கீகளைத் தாங்கும் ஸ்க்ரூ இன் ஸ்டெபிலைசர்கள் பெரும்பாலும் 1.6க்குச் செய்தவை. 1.2இல் போட்டால் ஆடும், ஆடினால் எவ்வளவு லூப் (மசகு கிரீஸ்) தடவினாலும் ஸ்பேஸ்பார் சலசலக்கும். காந்த ஸ்விட்ச் போர்டுகள் வேறு இனம். வூட்டிங் மாதிரி ஹால் எஃபெக்ட் பிசிபியில் சாதாரண எம்எக்ஸ் ஸ்விட்ச் வேலை செய்யாது. அதனால் காந்த போர்டு தள்ளுபடியில் வந்தால் ஸ்விட்சோடு வருகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஸ்விட்ச் வாங்குவதில் ஒரே ஒரு சூட்சுமம். கேட்டரான், ஜேடபிள்யூகே, எச்எம்எக்ஸ், கேடிடி போன்ற சில தொழிற்சாலைகளின் அச்சிலிருந்துதான் கடைக்கு ஒரு பெயரில் ஸ்விட்ச் வருகிறது. ஸ்டெம் (கேப் மாட்டும் தண்டு), ஹவுசிங், ஸ்பிரிங் எல்லாம் ஒன்றாக இருந்து நிறமும் பெயரும் மட்டும் மாறினால் அதை ரீகலர் என்பார்கள். வாங்கும் முன் ஹவுசிங் பொருள், ஸ்டெம் பொருள், ஸ்பிரிங் கிராம், பயண தூரம் நான்கையும் எழுதி ஒப்பிடுங்கள். நான்கும் தொழிற்சாலையும் ஒன்றானால் விலை குறைந்ததை எடுக்கலாம். 65 சதவீதத்துக்கு 70, டிகேஎல்லுக்கு 90 என்று வாங்குவது வழக்கம். பின் வளைவதற்கு இரண்டு மூன்று உபரி இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட்: லாபம் இங்கே, கவனமும் இங்கே

ரெட்டிட்டின் மெக்மார்க்கெட்தான் இதில் பெரிய சந்தை. தலைப்பில் நாடு, விற்பவரிடம் இருப்பது, அவர் கேட்பது என்ற வரிசையில் எழுத வேண்டும். படத்தில் பயனர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு, டைம்ஸ்டாம்ப் என்பார்கள், பொருளோடு சேர்ந்து இருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் முடித்த வியாபாரங்களின் எண்ணிக்கை தெரியும். தனிச் செய்தி அனுப்பும் முன் பதிவில் கமென்ட் போட வேண்டும் என்ற விதி பார்க்க அற்பமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. தடை செய்யப்பட்ட கணக்கால் கமென்ட் போட முடியாது. கமென்ட் இல்லாமல் நேராக இன்பாக்ஸுக்கு "என்னிடம் இருக்கிறது" என்று வருபவரை விட்டுவிடுங்கள். கமென்ட் போட்ட பெயரும் செய்தி அனுப்பிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்றும் பாருங்கள். ஓ இருக்குமிடத்தில் பூஜ்யம் போட்டு ஏமாற்றுவது பழைய வித்தை.

பேபால் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் தவிர வேறு எதிலும் பணம் அனுப்பாதீர்கள். ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலியில் அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும், பாதுகாப்பு மொத்தமாகப் போகும். விலை பேச, அதே பொருளின் பெயரைத் தேடி விற்று முடிந்த பழைய பதிவுகளைப் பாருங்கள். விற்காமல் கிடக்கும் பதிவில் இருப்பது விற்பவரின் ஆசை, சந்தை விலை அதுவாகாது. புதுச் செட் வெளியான வாரத்தில் எல்லாரும் ஏற்றிச் சொல்வார்கள். எக்ஸ்ட்ராஸ் அறிவிப்பு வந்த மறுநாள் அதே செட் இறங்கும். மூன்று வாரமாக விற்காத பதிவில் ஷிப்பிங்கோடு சேர்த்து ஒரு தொகை சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கீகேப் என்றால் சாய்ந்த ஒளியில் ஸ்பேஸ்பார், ஏ, ஈ, எண்டர் நான்கின் படம் கேளுங்கள். நேரே விழும் ஒளியில் ஏபிஎஸ்ஸின் மினுமினுப்பு தெரியாது. ஸ்பேஸ்பாரில் வலது கட்டை விரல் படும் இடத்தில் ஒரு எண்ணெய்த் திட்டு மாதிரி பளபளத்தால் அந்தச் செட் நிறைய உழைத்திருக்கிறது. கேப்பைக் கவிழ்த்து சிலுவைத் துளையையும் காட்டச் சொல்லுங்கள். 2018 வாக்கில் திருத்துவதற்கு முந்தைய கெய்ல் பாக்ஸ் ஸ்விட்சுகளின் ஸ்டெம் சற்றுப் பெரிது; அதில் மாட்டியிருந்த கேப்களின் துளை விரிந்தோ வெடித்தோ இருக்கும். அப்படிப்பட்ட கேப் வேறு ஸ்விட்சில் தொளதொளவென நிற்கும், சரிசெய்ய வழியில்லை.

போர்டு என்றால் கேஸை நாலு மூலையிலும், குறிப்பாக யூஎஸ்பி துளையைச் சுற்றியும் காட்டச் சொல்லுங்கள். இ-வைட் என்ற வெள்ளைப் பூச்சு முதலில் சில்லு விடுவது அங்கேதான். அப்புறம் பிசிபியின் பின்பக்கம். ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் லேசாகத் தலை தூக்கியிருந்தால் அடியில் பேட், அதாவது சாலிடர் பிடித்திருக்கும் செம்புத் திட்டு, பிய்ந்திருக்கலாம். சாலிடர் செய்த பிசிபி என்றால் எத்தனை தடவை டீசாலிடர் செய்து ஸ்விட்சைக் கழற்றினார் என்று கேளுங்கள். ஒரு முறைக்கு மேல் ஸ்விட்ச் கழற்றிய பிசிபியை வாங்கினால் மாற்று பிசிபி கடையில் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நிறுத்திவிட்ட மாடலுக்கு பிசிபி கிடைக்காது, அப்போது அழகான அலுமினியப் பெட்டி மட்டும் மிஞ்சும். கேஸ்கெட் பட்டைகள், திருகுகள், டாட்டர்போர்டு (யூஎஸ்பி போர்ட் உள்ள சிறு பலகை) கேபிள், பெட்டி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். லூப் செய்து, ஸ்டெபிலைசர் சரிசெய்து, ஸ்விட்சுக்குள் ஃபிலிம் (மெல்லிய தாள்) போட்டுக் கட்டிய போர்டு, ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. இந்தச் சந்தையில் அந்த உழைப்புக்கு விலை பெரும்பாலும் சேர்வதே இல்லை. வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு எங்கும் கிடையாது.

கைக்கு வரும் விலை

எந்த வழியானாலும் பட்டியல் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பட்டியல் விலை 100, ஷிப்பிங் 15 என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் இரண்டும் சேர்ந்த 115க்குத்தான் வரி போடுவார்கள். வரி 20 சதவீதம் என்றால் 23. ஆக 138, அதற்கு மேல் கூரியரின் கையாளும் கட்டணம். உங்கள் பிராந்திய விற்பனையாளர் 125க்கு வைத்திருந்தால் அவர்தான் மலிவு. அவர் வரியை ஏற்கெனவே கட்டியிருப்பார், திருப்பி அனுப்புவதும் எளிது.

கூரியர்கள் பெட்டியின் அளவை வைத்தும் எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். 40, 28, 6 என்ற அளவுள்ள கீகேப் பெட்டி 6720 வகுத்தல் 5000, அதாவது 1.34 கிலோ. அரைக் கிலோவுக்கு ஏற்றினால் 1.5. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் உண்மை எடை அதில் பாதிகூட வராது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ட்ரே வேண்டாம், பையில் போட்டு அனுப்புங்கள் என்று சொன்னால் ஷிப்பிங் கணிசமாகக் குறையும். பின்னால் மறுபடி விற்கும்போது ட்ரே இல்லாததற்குக் கொஞ்சம் விலை இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பேட்டரி உள்ள வயர்லெஸ் போர்டு என்றால் சில அஞ்சல் சேவைகள் ஏற்கவே மாட்டா. விற்பவரிடம் எந்தச் சேவையில் அனுப்புகிறார் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

பெட்டி வந்த அன்று

பெட்டி வந்தால் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள், புகார் என்று வந்தால் அதுதான் சாட்சி. போர்டை ஒன்றுசேர்க்கும் முன் பிசிபியை மட்டும் யூஎஸ்பியில் செருகி, வயாவின் கீ டெஸ்டரைத் திறந்து, உலோக ட்வீசரால் ஒவ்வொரு ஸ்விட்ச் இடத்தின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். திரையில் அந்தக் கீ ஒளிர வேண்டும். வயா போர்டை அடையாளம் காணாவிட்டால் கடைப் பக்கத்திலிருந்து அதன் ஜேசன் ஃபைலை எடுத்து ஏற்றினால் சரியாகிவிடும். 87 கீயைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் கட்டி முடித்தபின் ஒரு கீ வேலை செய்யாவிட்டால், பழுதாகவே வந்ததா, நீங்கள் செய்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

சோதனை தேறியபின் ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் போடும் முன் திருப்பிப் பாருங்கள். செம்பு நிறக் கால் இரண்டும் நேராக நிற்க வேண்டும். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தாலும், அழுத்தும்போது துளைக்குள் இறங்காமல் மடங்கி ஹவுசிங்கின் அடியில் படுத்துவிடும். மேலிருந்து பார்க்க ஸ்விட்ச் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரியே தெரியும், கீ மட்டும் வேலை செய்யாது. அப்படி நடந்தால் இன்னும் அழுத்தாமல் வெளியே எடுத்து, ட்வீசரால் காலை நிமிர்த்தி, பின்பக்கம் சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொண்டு நேராகத் தள்ளுங்கள். தாங்காமல் மேலிருந்து முரட்டுத்தனமாக அழுத்தினால் சாக்கெட் பேடைப் பிய்த்துக்கொண்டு கழன்றுவிடும், கடைக்காரர் அதை வாரன்டியில் சேர்க்க மாட்டார்.